சொல்லுக்கு எல்லை வகுத்தல்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவதற்கு வழி யாது என்று மாணவரும், அவர்தம் பெற்றோரும், சில வேளைகளில் ஆசிரியர்களும் என்னை வினவுவதுண்டு. வினவுவோரிற் பெரும்பாலார் விடையையும் உடன் கொண்டே வருகின்றனர். நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை மனனஞ் செய்தால் ஆண்டொன்றில் 3,650 சொற்கள் கைவசமாகும் அல்லவா என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் பிழையன்று. ஆயினும், அக்கணக்கின்படி நடந்து அத்தனை சொற்களையும் தனதாக்கிக்கொண்ட ஒருவரை நான் இன்னுங் கண்டிலேன்.

இத்தகைய மாணவன் ஒருவனின் கொப்பியை வாங்கி விரித்துப் பார்த்தால் தாளின் நடுவே ஒரு கோடு கீறியிருக்கும். இடப்புறத்தில் ஆங்கிலச் சொல். வலப்புறத்தில் அதற்கு நேரே ஒரே ஒரு தமிழ்ச் சொல். பக்கம் பக்கமாக இதுவே. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எங்கோ ஒரு தமிழ்ச் சொல் இணையாகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையின் மேலேயே அக்கொப்பி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்நம்பிக்கை பொருந்தாதது என்பதைச் சில சொற்களைக் கொண்டு காட்டுவதும், அதற்கு மாற்றாகச் சொல்லின் வரைவிலக்கணத்தைப் படிக்கும் பழக்கத்தை வற்புறுத்துவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியிலே ஓய்வுபெறும் அதிபர் ஒருவருக்குப் பிரியாவிடை வைபவம் நடைபெற்றது. உயர்வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலத்திலே பாராட்டுரை வாசித்தான். கணிதம் கற்பிப்பதில் அதிபர் பேர்போனவர் என்பது அவன் கூற எண்ணிய செய்தி. 'பேர்போன' என்பதற்கு அவன் தேர்ந்தெடுத்த ஆங்கிலச் சொல் 'நொட்டோரியஸ்'. முன்வரிசையில் இருந்தவருள் சிலர் நிலத்தை நோக்கினர். சிலர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினர். அதிபர் பெருந்தன்மையுடையவர், தலையசைத்துப் புன்முறுவல் செய்தார். பையன் மேற் குற்றமில்லை. தமிழிலே பேர்போன புலவரும் உளர். பேர்போன கள்வரும் உளர். அந்த ஆங்கிலச் சொல்லோ கள்வர் பக்கம் மாத்திரமே நிற்பது. தீய செயலாலோ தீய குணத்தாலோ பலராலும் அறியப்பட்ட என்பதே அதற்கு அகராதி தரும் விளக்கம். தமிழ்ச் சொல்லைப் பார்த்தவன் அந்த விளக்கத்தையும் ஒரு முறை பார்த்திருந்தால் வேறு சொல்லைத் தேடியிருப்பான்.

வரைவிலக்கணம் என நாம் வழங்குஞ் சொல்லையே சற்று நின்று நோக்குவோம். வரைதல் என்பது எல்லை வகுத்தல். ஆங்கிலத்தார் 'டெஃபினிஷன்' என்பதும் இதே கருத்திற் பிறந்ததாகும். இலத்தீன் மொழியிலே 'ஃபீனிஸ்' என்றால் எல்லை, முடிவு. அவ்வேரினின்றே 'ஃபைனல்' என்பதும், எல்லையற்றது எனப் பொருள்படும் 'இன்ஃபினிட்' என்பதும், ஓர் எல்லைக்குள் அடைத்து வைத்தலைக் குறிக்கும் 'கன்ஃபைன்' என்பதும் கிளைத்தன. இரு மொழியாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உவமையைக் கண்டுபிடித்திருக்கின்றனர். சொல் என்பது ஒரு வளவு. வரைவிலக்கணம் அதன் வேலி. எல்லைக் கதியால் ஒன்று அரையடி நகர்ந்தால் என்ன விளையும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மொழிகளின் வேலிகள் ஒரே இடத்தில் ஓடுவதில்லை என்பதே இங்கு முதன்மையான உண்மை. 'ஷேட்' என்பதற்கும் நிழல் என்று எழுதுகிறோம். 'ஷடோ' என்பதற்கும் நிழல் என்றே எழுதுகிறோம். வெயிலில் வந்தவன் வேப்பமரத்தின் கீழ் ஒதுங்குவதும் நிழல். மாலையில் அவனுக்கு முன்னே நீண்டு கிடப்பதும் நிழல். தமிழனுக்கு இதில் எவ்வித இடர்ப்பாடும் இல்லை. ஆங்கிலேயனோ இவ்வளவின் நடுவே ஒரு வேலி போட்டிருக்கிறான். ஒளி தடைப்பட்டதனால் தண்மையும் இருளும் பெற்ற இடம் 'ஷேட்'. ஒளியின் குறுக்கே நின்ற பொருளின் வடிவை ஒத்து விழும் கருமை 'ஷடோ'. முன்னையதற்கு இடமே முக்கியம். பின்னையதற்கு வடிவமே முக்கியம். இதை அறிந்தவன் மரத்தின் கீழ் 'ஷேட்'டில் இருப்பான். சுவரில் விழும் தன் 'ஷடோ'வைப் பார்ப்பான். அறியாதவன் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு, ஆசிரியர் ஏன் சிவப்பு மையால் வட்டமிட்டார் என்று திகைப்பான்.

'என்வி', 'ஜெலசி' என்னும் இரண்டும் நம் மாணவர் கொப்பியிலே பொறாமை என்ற ஒரே கூட்டில் அடைபட்டுக் கிடக்கின்றன. பிறரிடம் உள்ளது தன்னிடம் இல்லையே என்று நோவது முன்னையது. தன்னிடம் உள்ளதை, சிறப்பாகத் தான் நேசிக்கும் ஒருவரின் அன்பை, இன்னொருவன் கவர்ந்துவிடுவானோ என்று வேகுவது பின்னையது. சேக்ஸ்பியரின் ஒதெல்லோவை வருத்தியது இந்தப் பின்னைய நோயே. அவனுக்குப் பிறர் செல்வத்தின் மேற் கண்ணில்லை. பேச்சுவழக்கில் ஆங்கிலேயர் தாமே 'ஜெலஸ்' என்பதை முன்னைய பொருளிலும் தாராளமாக ஆளுகின்றனர் என்பதையும், நல்ல அகராதிகள் அதையும் மறையாது பதிவு செய்கின்றன என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். திருவள்ளுவர் கடிந்த அழுக்காறு பிறர் ஆக்கங் கண்டு பொறாதிருப்பதாதலின் 'என்வி'க்கு மிகவும் அண்மையில் நிற்பது. ஆங்கிலச் சொல்லுக்கு எல்லை தேடப்போன இடத்திலே தமிழ்ச் சொல்லின் எல்லையும் நமக்குத் துலங்கிவிடுகிறது.

விரல் என்னும் எளிய சொல்லைப் பாருங்கள். கையில் இருப்பதும் விரல். காலில் இருப்பதும் விரல். ஆங்கிலத்திலே காலுக்கு 'டோ' வேறு. கையிலுங்கூட, பெருவிரலை 'ஃபிங்கர்' என்பதனுள் அடக்குவதா விடுவதா என்பதில் அவர்களுக்கே ஒரு தடுமாற்றம் உண்டு. பெருவிரல் நீங்கலாகவும் வழங்கும் என்னும் குறிப்பைப் பல அகராதிகளிற் காணலாம். மறுதலையாக, நமக்கு வேலிகள் பலவாய் அவர்களுக்கு ஒரே வெளியாய்க் கிடக்கும் இடங்களும் உள. நெல்லும் அரிசியும் சோறும் அவர்களுக்கு 'ரைஸ்'. இன்னும் வேடிக்கை 'கசின்' என்பது. சிறிய தந்தையின் மகன் நமக்குத் தம்பி. மாமன் மகன் மச்சான். ஒருவன் உடன்பிறப்பு முறை. மற்றவன் கொள்வினை கொடுப்பினைக்கு உரிய முறை. 'கசின்' என்னுஞ் சொல் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதேயில்லை. இச்சொல்லுக்கு எதிரே தமிழில் எழுதத்தக்க ஒற்றைச் சொல் இல்லை. பெற்றோருடன் பிறந்தவரின் பிள்ளை என்று வரைவிலக்கணம் எழுதுவதொன்றே வழி. ஆங்கில நாவலொன்றைத் தமிழாக்கப் புகுந்தவர் முதலாம் அதிகாரத்திலேயே இச்சொல்லிடம் அகப்பட்டுக்கொண்டு, அந்தப் பெண் கதாநாயகனுக்குத் தங்கையா மச்சாளா என்று நூலை முடிவுவரை வாசித்துத் தீர்மானிக்க நேர்வதுண்டு.

இவை மொழிப்பாடத்துச் சிறுபிழைகள் என்று சிலர் எண்ணலாம். நீதிமன்றச் செய்தியைத் தமிழில் எழுதுபவனுக்கு அவ்வாறு எண்ணும் உரிமை இல்லை. 'சஸ்பெக்ட்' எனப்படுபவன் குற்றஞ் செய்திருக்கலாம் எனப் பொலிசாரால் ஐயுறப்பட்டவன். 'அக்கியூஸ்ட்' எனப்படுபவன் மேல் நீதிமன்றத்திலே முறைப்படி குற்றஞ் சாட்டப்பட்டிருக்கிறது. 'கன்விக்ட்' எனப்படுபவனோ விசாரணை முடிந்து குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவன். இம்மூன்றுக்கும் இடையே உள்ள வேலிகள் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பன. மூன்றையும் குற்றவாளி என்று ஒரே சொல்லால் எழுதிவிடும் கை, தீர்ப்பு வருமுன்பே ஒருவனைத் தண்டித்துவிடுகிறது. பின்னர் அவன் விடுதலை பெற்றாலும் முதல் நாள் வாசித்தவர் மனத்திலிருந்து அச்சொல்லை எடுத்துவிடல் அரிது. எங்கள் நீதிமன்றத் தமிழில் 'அக்கியூஸ்ட்' என்பவனை எதிரி என்கிறோம். எதிரி என்றால் 'எனிமி' என்று மாத்திரம் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் மாணவன் நாளை அத்தமிழ் அறிக்கையை ஆங்கிலமாக்கப் புகுந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

இனி, வரைவிலக்கணம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைக் காண்போம். இதனை அறிந்தாலன்றி அகராதியை வாசிக்க இயலாது; பார்க்கத்தான் முடியும். முதலில் பொருளை ஓர் இனத்திற் சேர்த்தல்; பின்பு அவ்வினத்தில் உள்ள ஏனையவற்றினின்று அதனைப் பிரித்தல். அரிஸ்டோட்டில் காலந்தொட்டு மேனாட்டார் கையாளும் முறை இது. நம் தருக்க நூலாருக்கும் இது புதிதன்று. இலக்கணத்துக்கு வரும் குற்றங்கள் மூன்று என அவர்கள் பசுவை வைத்துக் காட்டுவர். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு வெளியே போய்விடும், இது அவ்வியாப்தி. கொம்புடையது பசு என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும், இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது; இது அசம்பவம். சமஸ்கிருதப் பெயர்களைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. வேலியைக் குறுக்கிப் போடுதல், அகட்டிப் போடுதல், அடுத்தவன் காணியிற் போடுதல் என்று கொண்டாற் போதும்.

இம்முறையை வகுப்பிலே நான் பலகாலும் கையாண்டிருக்கிறேன். 'செயார்' என்பதற்கு அகராதியைப் பாராமல் ஆங்கிலத்தில் வரைவிலக்கணம் எழுதுக என்பேன். எல்லோருக்கும் தெரிந்த கதிரைதானே என்று பிள்ளைகள் விரைந்து எழுதுவர். இருப்பதற்குரிய பொருள் என்பான் ஒருவன். வாங்கும் உள்ளே வந்துவிட்டதே என்பான் அடுத்தவன். முக்காலியும் வந்து குந்திவிடும். நான்கு காலும் சாய்மானமும் உள்ள மர இருக்கை என்பாள் ஒருத்தி. இரும்புக் கதிரையும் பிளாஸ்டிக் கதிரையும் வெளியே நிற்கின்றன. இவ்வாறு அரைமணி நேரம் வழக்காடிய பின்பு அகராதியைத் திறந்தால், ஒருவர் இருப்பதற்கான, சாய்மானமுள்ள, வழக்கமாக நான்கு கால்களையுடைய இருக்கை என்று இருக்கும். அப்பொழுதுதான் ஒருவர் என்னுஞ் சொல் வாங்கை வெளியேற்றுவதையும், சாய்மானம் என்னுஞ் சொல் முக்காலியை வெளியேற்றுவதையும், வழக்கமாக என்னுஞ் சொல் கால் வேறுபட்ட கதிரைக்கும் படலையைத் திறந்து விடுவதையும் அவர்கள் காண்கிறார்கள். அகராதியில் ஒரு சொல்லேனும் வீணாக இல்லை என்பதை அன்று அறிந்த பிள்ளை, அதன் பின்பு அகராதியை வேறு கண்ணோடு பார்க்கிறது. தமிழகத்தார் கதிரையை நாற்காலி என்கின்றனர். மேசைக்கும் நான்கு காலே உள்ளது என்பதை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை போலும். பெயர் வேறு, வரைவிலக்கணம் வேறு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு தடை இங்கே எழும். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் படித்தால், அப்பொருளிலும் தெரியாத சொற்கள் வருமே; அவற்றுக்கும் பொருள் தேடினால் அங்கும் தெரியாத சொற்கள் வருமே என்பர். நியாயமான தடை. தொல்காப்பியர் உரியியலிலே இதனை எடுத்துப் பேசியிருக்கிறார். பொருள் சொல்ல வந்த சொல்லுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு ஒரு வரம்பு இராது என்பது அவர் கருத்து. அத்துடன் அமையாது, உணர்த்த வல்லவன் உணர்த்தினால் பொருள் திரியாது என்றும், உணர்தல் உணர்வோனின் ஆற்றலைப் பொறுத்தது என்றும் அடுத்தடுத்துக் கூறிச் செல்கிறார். ஆங்கில அகராதி வரலாற்றின் பெரும்பகுதி, உணர்த்த வல்லவன் எவ்வாறு உணர்த்துவது என்னும் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே.

1604ஆம் ஆண்டிலே றொபர்ட் கோட்ரி என்பவர் வெளியிட்ட சிறுநூலே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறிய முதல் அகராதி என்பர். ஏறக்குறைய 2,500 சொற்கள்; எல்லாம் கடுஞ்சொற்கள். எளிய சொற்களுக்குப் பொருள் கூற வேண்டும் என்ற எண்ணமே அந்நாளில் இல்லை. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதி 42,000க்கு மேற்பட்ட சொற்களுக்கு எல்லை வகுத்தது. எளிய சொற்களையும் விட்டுவிடவில்லை. எளிய சொல்லுக்குப் பொருள் எழுத உட்கார்ந்தபோதுதான் அப்பேரறிஞர் இடறினார். வலைப்பின்னல் எனப் பொருள்படும் 'நெட்வேர்க்' என்பதை விளக்க அவர் எடுத்தாண்ட 'ரெட்டிகுலேட்டட்', 'டெக்கஸேட்டட்', 'இன்டர்ஸ்டிஸஸ்' முதலிய சொற்களை அறிந்தவனுக்கு வலை என்றால் என்ன என்று சொல்ல வேண்டிய தேவையே இராது. விளக்கப்படும் சொல்லிலும் எளிய சொல் எப்பொழுதும் கிடைப்பதில்லை என்பதை அவரே தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவ்விடரினின்று மீள வழி கண்டவர்கள் இலண்டனிலன்றி ஆசியாவிலே பிறமொழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலங் கற்பித்த ஆசிரியர்கள் என்பது எனக்கு எப்பொழுதும் மகிழ்ச்சி தரும் செய்தி. மைக்கேல் வெஸ்ட் என்பவர் வங்காளத்திலே டாக்காவில் பணிபுரிந்தவர். வங்காளிச் சிறுவர் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டை நேரிற் கண்டவர். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, 18,000 சொற்களையும் 6,000 மரபுத்தொடர்களையும் 1,490 சொற்களை மாத்திரங் கொண்டு விளக்கிற்று. அந்த 1,490ஐக் கற்றவனுக்கு அகராதியின் எந்தப் பக்கத்திலும் தெரியாத விளக்கம் இல்லை. தொல்காப்பியர் வரம்பில்லை என்ற இடத்திலே வெஸ்ட் ஒரு வரம்பு கட்டினார் எனலாம். ஜப்பானிலே ஆசிரியராய் இருந்த ஹோர்ண்பி, துணைவர் இருவருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்போர்ட் அச்சகம் அதனைத் தன் வெளியீடாக்கிற்று. இன்று மாணவர் கைகளிற் பரவலாகக் காணப்படும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதியின் மூலம் அதுவே. வினைச்சொல் ஒவ்வொன்றும் எந்த அமைப்பில் வாக்கியத்தில் நிற்கும் என்பதைக் குறித்துக் காட்டியது அதன் தனிச்சிறப்பு. 1978இல் வந்த லோங்மன் அகராதி ஏறக்குறைய 2,000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கிற்று. 1987இல் பர்மிங்ஹாம் பேராசிரியர் ஜோன் சின்கிளயர் தலைமையில் வெளிவந்த கோபில்ட் அகராதி, வரைவிலக்கணத்தை முழு வாக்கியமாகவே எழுதிற்று. ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நின்று வாய்மொழியாக விளக்குவது போன்ற நடை.

எனவே, மாணவன் வாங்க வேண்டியது கற்போருக்கெனத் தொகுக்கப்பட்ட இத்தகைய அகராதியையே. ஆங்கிலேயருக்கென எழுதப்பட்ட பேரகராதியை மேசையில் வைத்து அழகு பார்ப்பதாற் பயனில்லை.

நம்மவரிடம் ஒற்றைச்சொற் பழக்கம் வேரூன்றியதற்கு நிகண்டு மரபும் ஒரு காரணமாகலாம் என்பது என் எண்ணம். திண்ணைப் பள்ளியிலே சூடாமணி நிகண்டை மனனஞ் செய்த பிள்ளை, ஒரு பொருளுக்குப் பல பெயரை அடுக்கிச் சொல்லப் பழகிற்று. அம்முறை நன்கு பயன்பட்டது. ஏனெனில் அப்பிள்ளை தமிழ் மொழியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. சொற்களின் எல்லை அதன் காதுக்குத் தெரியும். 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியும் தமிழ் அறிந்தார்க்குத் தமிழ் கூறியதே. வேற்றுமொழி கற்பவனின் நிலை அதுவன்று. அவன் காதுக்கு ஒன்றுந் தெரியாது. அவனுக்கு வேலியைக் கண்ணாற் காட்டியே ஆகவேண்டும்.

தமிழ்ப் பொருளே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. மா, பலா, கொக்கு, செம்பு என்பவற்றுக்கு வரைவிலக்கணம் படித்துக்கொண்டிருப்பது காலவிரயம்; தமிழ்ப் பெயரைச் சொன்னால் விடயம் முடிந்தது. வின்ஸ்லோவின் 1862ஆம் ஆண்டுப் பேரகராதி போன்ற இருமொழி அகராதிகள் நமக்குச் செய்த பணி அளப்பரியது. தமிழ்ச் சொல் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய மேலும் இரண்டடி வைக்க வேண்டும். இக்காலத்திலே கைத்தொலைபேசியில் ஒரு சொல்லைத் தொட்டவுடன் தமிழ்ப் பொருள் மின்னி மறைகின்றது. அதே தொலைபேசியில் நல்ல ஆங்கில அகராதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதலில் மின்னியதோடு மாணவன் திருப்தியடைந்துவிடுகிறான்.

வரைவிலக்கணத்துக்கும் எட்டாத இடங்கள் உண்டு. 'தின்', 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' மூன்றும் மெலிந்த உடலையே குறிப்பன. வேலி ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் 'ஸ்லிம்' என்றால் பெண் மகிழ்வாள். 'ஸ்கின்னி' என்றால் முகஞ் சுளிப்பாள். நாமும் கொடியிடையாள் என்பதையும் நோஞ்சான் என்பதையும் ஒருவருக்கே சொல்வதில்லை. சொல்பவனின் மனப்பாங்கை அகராதி ஒரு சிறு குறியீட்டாற் காட்ட முயலும்: பாராட்டு, இகழ்ச்சி, பேச்சுவழக்கு, சம்பிரதாய வழக்கு என்றவாறு. மாணவர் கண்ணிற் படாமற் போவது பெரும்பாலும் அக்குறியீடே. எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் அவர்கள் தாண்டிப் போய்விடுகின்றனர். 'ஸ்டீல்', 'ரொப்' இரண்டும் களவு என எழுதி வைத்தவன் வாக்கியத்தைக் கவனித்திருந்தால், முன்னையதன் பின்னே களவுபோன பொருள் வருவதையும், பின்னையதன் பின்னே பறிகொடுத்த ஆளோ இடமோ வருவதையும் கண்டிருப்பான். காசு 'ஸ்டீல்' செய்யப்படும். வங்கி 'ரொப்' செய்யப்படும். ஹோர்ண்பி வினையமைப்புகளைக் குறித்து வைத்தது இதற்காகவே.

கடுஞ்சொற்களின் மேல் மாணவருக்குள்ள மோகத்தையும் இங்கே கண்டிக்க வேண்டும். பரீட்சைக்கென விற்கப்படும் சொற்பட்டியல்களிலே, ஆங்கிலேயரே வாழ்நாளில் இரு முறை காணாத சொற்கள் மலிந்து கிடக்கின்றன. மிகப் பெரும்பாலும் வழங்கும் 2,000 சொற்குடும்பங்களே சாதாரண உரைநடையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வருகின்றன. அவற்றுள் ஒன்றைக்கூட நாம் முழுதாக அறிந்திருப்பதில்லை. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலே மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் எது? மூன்றே எழுத்துள்ள 'செட்' என்பது. நூற்றுக்கணக்கான பொருள்கள். சூரியன் மறைவதும், சீமெந்து இறுகுவதும், வினாத்தாள் தயாரிப்பதும் அதற்குள் அடக்கம்.

நாளொன்றுக்குப் பத்து வேண்டா, மூன்று போதும். சொல்லை வாசிப்பிலே சந்தித்த இடத்தில் நிறுத்தி, அந்த வாக்கியத்திலிருந்தே பொருளை ஊகித்து, அகராதியைத் திறக்குமுன் தானே ஓர் ஆங்கில வரைவிலக்கணம் எழுதிப் பார்க்க வேண்டும். பின்பு அகராதியுடன் ஒப்பிட்டு, தன் வேலி எங்கே குறுகியது, எங்கே அகன்றது என்று பார்க்க வேண்டும். முடிவில், தன் வீட்டையோ ஊரையோ பற்றிய உண்மையான வாக்கியம் ஒன்றை அச்சொல்லை வைத்து எழுத வேண்டும். கொப்பியின் நடுவே கீறிய கோடு இதற்கு இடந்தராது. அதனால் நான் கோட்டையே கீறவிடுவதில்லை.

முயன்று பார்க்க விரும்பும் மாணவருக்கு நான்கு சொற்கள் தருகிறேன்: 'பொண்ட்', 'லேக்', 'ரெசர்வயர்', 'டாங்க்'. நான்கையும் நம்மவர் குளம் என்று எழுதிவிடக்கூடும். எது இயற்கையாய் அமைந்தது, எது மனிதன் கட்டியது, எதிலே நீர் எதற்காகச் சேமிக்கப்படுகிறது, அளவிலே எது சிறிது, எது பெரிது என்று முதலில் எழுதிப் பாருங்கள். கடைசிச் சொல்லை அகராதியிலே தேடும்போது நீர்த்தாங்கியும், போர்க்களத்து ஊர்தியும் முன்னே வந்து நிற்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் பொருள் என்ற குறிப்புடன் நமது பொருள் கீழே எங்கேனும் ஒதுங்கியிருக்கும். அதையுங் கண்டுபிடித்த பின்பு, இரணைமடு இந்நான்கினுள் எதற்குள் அடங்கும், ஏன் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களில் எழுதுக.